பிராக் வசந்த இசைவிழா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செக் நாட்டு இசையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, பிராக் நகரில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் வசந்த இசைவிழாவுக்குச் செல்வது எப்படி என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வி பல கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்ததால், அவற்றைத் தொகுத்து இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் வரும் மே மாதம் பிராகுக்குச் செல்ல நினைக்கிறோம். இருவரும் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள். மேற்கத்திய செவ்வியல் இசையில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. விழாவின் தொடக்க நாள் கச்சேரியைத் தவறவிடக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கே போகவேண்டுமா? ஐந்தாறு நாட்கள் தங்கினால் எத்தனை கச்சேரி கேட்கலாம்?

விழா ஒவ்வோர் ஆண்டும் மே 12ஆம் தேதி தொடங்கி, ஜூன் முதல் வாரம் வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடக்கிறது. மே 12 என்பது செக் மக்களின் தலைமை இசைப் புலவர் என்று சொல்லத்தக்க பெட்ரிச் ஸ்மெதனா 1884ஆம் ஆண்டு மறைந்த நாள். அன்றைய தினம் அவருடைய கல்லறையில் மலர் அஞ்சலி செலுத்திவிட்டு, மாலையில் ஒபெட்ஸ்னி தூம் என்னும் நகர மாளிகையின் ஸ்மெதனா அரங்கில் அவருடைய 'மா வ்லாஸ்த்' என்ற படைப்பை முழுமையாக வாசித்து விழாவைத் தொடங்குவார்கள். 1952 முதல் இந்த வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. நாட்டின் அதிபர் அரங்கில் நுழையும்போது ஸ்மெதனாவின் 'லிபுஷே' இசைநாடகத்திலிருந்து எக்காளங்கள் முழங்கும், பிறகு நாட்டுப்பண், அதன் பிறகே கச்சேரி. ஓர் இசைநிகழ்ச்சி ஒரு நாட்டின் திருநாளாகவும் ஆகிவிடுவதைப் பார்க்க விரும்பினால் அந்த மாலை பார்க்கவேண்டியதுதான்.

ஆயினும் முதன்முறை செல்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதே படைப்பை, அதே அரங்கில், அதே குழுவினர் மறுநாள் மே 13 அன்று மீண்டும் வாசிக்கிறார்கள். முதல் நாளின் ஆடம்பரமும் அதிபரின் வருகையும் அன்று இருக்காது. இசை மட்டும் அப்படியே இருக்கும். நுழைவுச்சீட்டும் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும். முதல் நாள் சீட்டு கைக்கு வந்துவிட்டால் விட்டுவிடாதீர்கள்; அதற்காக ஏங்கிக்கொண்டு பயணத் தேதியையே மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

ஐந்து நாட்களுக்கு மூன்று கச்சேரி போதும் என்பது என் கருத்து. அன்றாடம் ஒன்று என்று அடுக்கிக்கொண்டு, பகலெல்லாம் கற்பாதைகளில் கால் கடுக்க நடந்துவிட்டு, இரவு 8 மணிக்கு மெத்தென்ற இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டாவது பகுதியிலேயே கண் சொக்கிவிடும். ஒரு பெரிய வாத்தியக் குழுவின் கச்சேரி, நான்கைந்து பேர் மட்டும் வாசிக்கும் அறையிசை ஒன்று, கோயிலிலோ பழைய மண்டபத்திலோ நடக்கும் பாடலிசை ஒன்று என்று வகைக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரி இல்லாத மாலைகளை ஆற்றங்கரைக்கு விட்டுவிடுங்கள்.

பழக்கம் குறைவு என்று தயங்குகிறீர்கள். 'மா வ்லாஸ்த்' உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வாயில் என்றே சொல்வேன், ஏனென்றால் அது கதை சொல்லும் இசை. 'என் தாய்நாடு' என்பது பெயரின் பொருள். 1874க்கும் 1879க்கும் இடையில் ஸ்மெதனா எழுதிய ஆறு தனித்தனிப் பகுதிகள் அதில் உள்ளன. மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் பகுதி 'விஷெஹ்ராத்', பிராகின் தெற்கே ஆற்றை ஒட்டிய பாறைமேல் இருந்த பழைய அரச கோட்டை. இரண்டு ஹார்ப்கள் மட்டும், பழங்காலப் பாணன் ஒருவன் யாழை மீட்டிக் கதையைத் தொடங்குவது போல, முதல் சொற்றொடரை வாசிக்கும். அந்தத் தொடரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இரண்டாவது பகுதியான 'வ்ல்தவா' நகரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர். அதன் தொடக்கத்தைக் கேட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். முதலில் ஒரே ஒரு புல்லாங்குழல் சிற்றலை போல நெளிந்து ஓடும். வயலின்கள் வில்லைத் தொடாமல் விரலால் தந்தியைச் சுண்ட, ஹார்ப் நீர்த்துளி தெறிப்பது போல ஒரு சுரத்தை இடும். இரண்டாவது புல்லாங்குழல் முதலாவதன் வாயிலிருந்து வாங்கியதுபோல அந்த நெளிவைத் தொடரும். இது ஆற்றின் முதல் ஊற்று. பிறகு இரண்டாவது ஊற்றாகக் கிளாரினெட்டுகள் சேர, நீர் பெருக, வயலின்கள் அந்தப் புகழ்பெற்ற மெட்டை எடுத்துக்கொள்ளும். ஆறு வேட்டைக் காட்டைக் கடக்கிறது, ஒரு கிராமத்துத் திருமண ஆட்டத்தைக் கடக்கிறது, நிலவொளியில் நீர்மகளிர் ஆடுவதைக் கடக்கிறது, பாறைகளுக்கிடையே சுழித்து இறங்குகிறது. கடைசியில் பிராகுக்குள் அகன்று நுழையும்போது, முதல் பகுதியின் அந்த ஹார்ப் சொற்றொடரை முழுக் குழுவும் முழங்கும். ஆறு கோட்டையின் அடிவாரத்தை வந்தடைந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லாமலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

இதை எழுதியபோது ஸ்மெதனாவுக்குக் காது கேட்கவில்லை. 1874 அக்டோபரில் அவருடைய செவித்திறன் முற்றிலும் போயிற்று. அவ்வாண்டு நவம்பர் 20 அன்று தொடங்கி டிசம்பர் 8 அன்று 'வ்ல்தவா'வை முடித்துவிட்டார். பத்தொன்பதே நாட்கள். ஆறு பகுதிகளும் சேர்ந்து முதன்முதலாக 1882 நவம்பர் 5 அன்று வாசிக்கப்பட்டபோதும் அவர் கேட்கவில்லை.

மூன்றாவது பகுதி 'ஷார்கா' ஒரு போர்மங்கையின் பழிவாங்கும் கதை. நான்காவது பொஹீமியாவின் வயல்களும் காடுகளும். ஐந்தாவதும் ஆறாவதுமான 'தாபோர்', 'பிளானிக்' இரண்டையும் இணைத்தே கேட்கவேண்டும், ஏனெனில் ஐந்தாவது எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே ஆறாவது தொடங்குகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில், சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்கள் போர்க்களத்தில் பாடிய ஒரு பாட்டு இரண்டிலும் திரும்பத் திரும்ப வருவதால், பழக்கமில்லாத காதுக்கு இந்தப் பகுதி சற்று இறுக்கமாகத் தோன்றலாம். புறப்படும் முன் வீட்டில் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டுப் போங்கள். பல்லவியைத் தெரிந்துகொண்டு கச்சேரிக்குப் போகிறவருக்கு நிரவலின் சுவை கூடுவதைப் போலத்தான் இதுவும்.

கேள்வி: 1968ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாகியாவில் நடந்த அரசியல் மாற்றத்தைப் 'பிராக் வசந்தம்' என்பார்கள். அதன் நினைவாகத்தான் இந்த விழா நடக்கிறதா?

பெயர் ஒன்றாக இருப்பதால் இந்த மயக்கம் பலருக்கும் உண்டு. விழா முந்தியது; அரசியல் பிந்தியது. செக் பில்ஹார்மோனிக் என்னும் வாத்தியக் குழுவின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1946 மே மாதம், போர் முடிந்து ஓராண்டே ஆன நிலையில், அதிபர் எட்வர்ட் பெனெஷின் ஆதரவில் முதல் விழா நடந்தது. அந்தக் குழுவின் தலைமை நடத்துநராக இருந்த ரஃபேல் குபெலிக் அதற்கு முன்னின்றார். அப்போது இளைஞராக இருந்த அமெரிக்கர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனும், சோவியத் வயலின் மேதை டேவிட் ஆய்ஸ்ட்ராக்கும் அந்த முதல் விழாவிலேயே பங்கேற்றனர். 1968 ஜனவரியில் துப்செக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைப் பதவிக்கு வந்து சீர்திருத்தங்கள் தொடங்கியபோது, ஏற்கெனவே ஊரறிந்த அந்தப் பெயர் அரசியலுக்கும் ஒட்டிக்கொண்டது; ஆகஸ்டில் சோவியத் கூட்டுப் படைகள் நுழைந்து அந்த வசந்தத்தை முடித்துவைத்தன.

அரசியலும் விழாவும் உண்மையாகவே சந்தித்த நாள் வேறொன்று. 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு குபெலிக் நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் தொடங்கிவைத்த விழா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவரில்லாமலேயே நடந்தது. 1989இல் ஆட்சி கவிழ்ந்ததும், 1990 மே 12 அன்று அவர் திரும்பி வந்து, புதிய அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெலின் முன்னிலையில் 'மா வ்லாஸ்த்'தை நடத்தினார். அந்தக் கச்சேரியின் பதிவு கிடைக்கிறது. இசையின் நுட்பத்துக்காக வேறு பதிவுகளைத் தேடலாம். அந்த மாலையின் அடர்த்திக்கு அதுவே இணை.

தொடக்க நாள் கச்சேரியைச் செக் குழுக்களே வாசிக்கவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. 2017இல் டேனியல் பாரன்பாய்மின் தலைமையில் வியன்னா பில்ஹார்மோனிக்கும், 2024இல் கிரில் பெட்ரென்கோவின் தலைமையில் பெர்லின் பில்ஹார்மோனிக்கும் வாசித்தன. தங்கள் தேசியப் படைப்பை அயலார் வாசிக்க, உள்ளூர் மக்கள் அதைக் கூர்ந்து எடைபோடும் அந்தச் சூழலைக் காண்பதே தனி அனுபவம்.

கேள்வி: நுழைவுச்சீட்டை எப்போது, எப்படி வாங்குவது? அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் நண்பர் ஒருவர்.

நண்பர் சொல்வது பாதி சரி. விழாவின் நிகழ்ச்சி நிரல் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வெளியாகிவிடும். இணையத்தில் விற்பனையும் அதை ஒட்டித் தொடங்கிவிடும். புகழ்பெற்ற குழுக்களின் கச்சேரிகளை அப்போதே வாங்கிவிடுவது நல்லது. அறையிசைக்கும் இளங்கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கும் கடைசி வாரத்தில்கூட இடம் கிடைப்பதுண்டு.

வாங்கும்போது விலையை மட்டும் பாராமல் அரங்கின் இருக்கை வரைபடத்தையும் பாருங்கள். விழாவின் மற்றொரு முக்கிய இடமான ருடோல்ஃபினம் 1885இல் திறக்கப்பட்டது. அதிலுள்ள துவோர்ஷாக் அரங்கில்தான் 1896 ஜனவரி 4 அன்று, செக் இசையமைப்பாளர் அந்தோனின் துவோர்ஷாக்கே நடத்த, செக் பில்ஹார்மோனிக்கின் முதல் கச்சேரி நடந்தது. ஒலிநயத்துக்குப் பெயர்பெற்ற அந்த அரங்கைச் சுற்றிலும் உயரமான தூண்கள் நிற்கின்றன. பார்க்க அழகு, பின்னால் உட்கார்ந்தால் இடைஞ்சல். மாடத்தில் மலிவாகக் கிடைக்கும் சில இருக்கைகளிலிருந்து நடத்துநரின் ஒரு கை மட்டும்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவராக இருந்தால் அதனால் நட்டமில்லை. ஸ்மெதனா அரங்கு இன்னும் பெரியது, ஒலி சற்றுக் கூடுதலாக எதிரொலிக்கக்கூடியது. பெரும் குழுக்களுக்கு அது பொருந்தும், நான்கு பேர் வாசிக்கும் இசைக்குத் துவோர்ஷாக் அரங்கோ அதைவிடச் சிறிய மண்டபமோதான் மேல்.

ஓர் எச்சரிக்கை. பழைய நகரத்தின் தெருக்களில், மொஸார்ட் காலத்துப் பொய்முடியும் சரிகைச் சட்டையும் அணிந்தவர்கள் வழிமறித்துக் கச்சேரிச் சீட்டு விற்பதைப் பார்ப்பீர்கள். அவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் ஆண்டு முழுவதும் நடக்கும் ஒருமணி நேர நிகழ்ச்சிகள். விவால்டியின் பருவகாலங்களில் கொஞ்சம், மொஸார்ட்டில் கொஞ்சம், 'வ்ல்தவா'வில் கொஞ்சம் என்று கதம்பமாக இருக்கும். அவற்றில் நன்றாக வாசிப்பவர்களும் உண்டு, ஆகவே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். விழாவின் கச்சேரி என்று எண்ணிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள் என்பதே நான் சொல்லவருவது.

கேள்வி: எப்போது கைதட்டவேண்டும்? தவறான இடத்தில் தட்டி அவமானப்பட்டவர்களின் கதைகளைக் கேட்டுப் பயமாக இருக்கிறது.

'பலே' சொல்லவும் தொடையில் தாளம் போடவும் பழகிய நமக்கு, ஒன்றேகால் மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. சிம்பொனியின் பகுதிகளுக்கு இடையிலும், 'மா வ்லாஸ்த்'தின் ஆறு பகுதிகளுக்கு இடையிலும் தட்டுவது வழக்கமில்லை. நடத்துநர் கைகளைத் தாழ்த்தி, அவையை நோக்கித் திரும்பும்வரை காத்திருந்தால் தவறே நேராது. 'வ்ல்தவா'வின் இறுதியில் இசை ஓய்ந்து அடங்கியதும் இரண்டு உரத்த ஓசைகள் எழும்; முடிந்துவிட்டது என்று கை தானாகவே உயரும். அங்கே மட்டும் கவனமாக இருங்கள். ஒருவேளை தட்டிவிட்டாலும் யாரும் திரும்பி முறைக்கமாட்டார்கள். நடத்துநர்கள் சிலர் புன்னகைப்பதும் உண்டு. இருமல் வந்தால் இடைவேளைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். மிட்டாயின் தாளை முன்னதாகவே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான இடத்தில் அந்தத் தாளின் சலசலப்பு இருமலைவிடக் கொடியது.

கேள்வி: புடவை உடுத்திச் செல்லலாமா? குளிர் எப்படி இருக்கும்?

தாராளமாகச் செல்லலாம், பட்டுப்புடவை அங்கே மாலை உடைக்கு முற்றிலும் தகுதியானது. ஆண்கள் அடர்நிறக் கோட்டும் மூடிய காலணியும் அணிவது நல்லது. தொடக்க நாள் தவிர மற்ற நாட்களில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. மே நடுவில் பகலில் 18, 19 டிகிரி செல்சியஸ் இருக்கும். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது 10 டிகிரிக்கும் கீழே போகலாம், சாரலும் அடிக்கலாம். ஆகவே மேலங்கி தேவை. ஆனால் அந்த மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு அரங்குக்குள் உட்காருவது அங்கே முறையல்ல. நுழைவாயிலில் 'ஷாத்னா' என்று எழுதியிருக்கும் இடத்தில் மேலங்கியையும் பெரிய பைகளையும் ஒப்படைத்துவிட்டு எண் வில்லையை வாங்கிக்கொள்ளவேண்டும். கச்சேரி முடிந்ததும் அங்கே வரிசை நீளும். கூட்டம் கரையும்வரை மாடிப்படிகளின் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பதே அறிவு.

கேள்வி: விசா, பணம் ஆகியவற்றில் கவனிக்க வேண்டியவை என்ன?

செக் நாடு ஷெங்கன் கூட்டமைப்பில் உள்ளது. குறுகியகால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்கள் முன்பாவது விண்ணப்பிக்கவேண்டும். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் நேரம் கிடைப்பதே அரிது என்பதால் பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை. பல நாடுகளுக்குச் செல்வதாக இருந்தால், அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்கவேண்டும். அங்கே யூரோ நாணயம் கிடையாது, செக் கொருனாதான். சுற்றுலாப் பகுதியின் நாணயமாற்றுக் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பாமல், கைக்கு எத்தனை கொருனா வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பிறகு ஏமாந்ததாக உணர்ந்தால், 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக்கொள்ள 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: அலுவல் காரணமாக மே மாதம் பிராகில் இருப்பேன். சீட்டு வாங்க வழியில்லை, மாலைகளும் என் கையில் இல்லை. விழாவில் எனக்கு என்ன கிடைக்கும்?

நிறையவே கிடைக்கும். 1947 முதல் விழாவை ஒட்டி இளங்கலைஞர்களுக்கான பன்னாட்டுப் போட்டி ஒன்று நடக்கிறது. 1950இல் செல்லோவுக்கான பரிசை வென்றவர் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ம்ஸ்திஸ்லாவ் ரொஸ்ட்ரபோவிச். போட்டியின் சுற்றுகள் பகலில் நடக்கும், பொதுமக்கள் சென்று கேட்கலாம். ஒரே இசைப்பகுதியை அடுத்தடுத்து ஐந்து பேர் வாசிக்கக் கேட்பது, பெரிய கச்சேரியைவிடக் காதைத் தீட்டும் பயிற்சி. தொடக்க நாள் இரவு உங்களுக்கு விடுதலை கிடைத்தால், கம்பா தீவின் பூங்காவில் பெருந்திரையில் நேரடி ஒளிபரப்பைப் பார்க்க ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள்; அண்மைய ஆண்டுகளில் அப்படி நடந்திருக்கிறது, புல்தரையில் போர்வை விரித்து உட்கார்ந்து கேட்கலாம்.

இரண்டு மணி நேரம் மட்டுமே மிஞ்சுகிறது என்றால், மெட்ரோ சி வழித்தடத்தில் விஷெஹ்ராத் நிலையத்தில் இறங்குங்கள். கோட்டைச் சுவரின் மேலிருந்து பார்த்தால் கீழே வ்ல்தவா வளைந்து நகருக்குள் நுழைவது தெரியும். 'வ்ல்தவா'வை முன்பே கேட்டிருந்தால் அந்த வளைவில் நிற்கும் நேரத்துக்கு இசை தானாகவே காதில் ஒலிக்கும். அருகிலுள்ள தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஸ்மெதனா இருக்கிறார், துவோர்ஷாக் இருக்கிறார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பிய ரஃபேல் குபெலிக்கும், 1996இல் மறைந்தபின், வயலின் கலைஞரான தம் தந்தை யான் குபெலிக்கின் அருகே அங்கேதான் இருக்கிறார். மே 12 காலையில் சென்றால் ஸ்மெதனாவின் கல்லறையில் புதுமலர்களைப் பார்க்கலாம். தோட்டத்தின் வாயிலை மாலையிலேயே மூடிவிடுவார்கள் என்பதால், அலுவல் முடிந்து போகலாம் என்று தள்ளிப்போடாமல் காலையிலேயே சென்றுவிடுங்கள்.